டோஸ் ஏற்றியும் அம்மாவின் டிஎஸ்எச் குறையவில்லை, 125க்குப் போகலாமா?

கேள்வி:
அம்மாவுக்கு 56 வயது, எடை 62 கிலோ. இரண்டு வருடம் முன்பு டிஎஸ்எச் (ரத்தப் பரிசோதனை அளவு, தைராய்டு குறைந்தால் இது ஏறும்) 18.2 இருந்தது. தைராய்டு குறைவு என்று சொல்லி 50 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை தொடங்கினார்கள். 75 ஆக்கியதும் 4.1க்கு வந்து, ஒரு வருடம் நன்றாக இருந்தார். இந்த வருடம் திடீரென்று 11.8. டாக்டர் 100 ஆக்கினார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் 12.3! ஒரு நாள்கூட மாத்திரை தவறவில்லை, தினமும் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். முடி கொட்டுகிறது, மலச்சிக்கல், மத்தியானமானால் படுத்துவிடுகிறார். இப்போது 125 எழுதியிருக்கிறார்கள். பார்க்கவே பயமாக இருக்கிறது. வேறு கம்பெனி மாத்திரை வாங்கலாமா?

பதில் 1:
முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இரண்டையும் அடியோடு நிறுத்துங்கள். எங்கள் அத்தைக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

பதில் 2 (செவிலியர்):
வேகவைத்து வழக்கமான அளவில் சாப்பிடும் முட்டைக்கோஸ் இந்த ஏற்றத்துக்குக் காரணமாக இருக்காது. கம்பெனியையும் இப்போது மாற்ற வேண்டாம், குழப்பம்தான் கூடும். எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். மாத்திரையை எத்தனை மணிக்கு, எதோடு போடுகிறார்? அதற்குப் பிறகு எவ்வளவு நேரத்தில் காபி? டிஎஸ்எச் ஏறுவதற்கு முன்னால் வேறு ஏதாவது மாத்திரை புதிதாகச் சேர்ந்ததா?

கேட்டவர்:
காலையில் ஆறு மணிக்கு, வெறும் வயிற்றில்தான். போட்ட கையோடு ஃபில்டர் காபி. புதிதாக என்றால்... ஜனவரியில் முழங்கால் வலிக்கு வேறு டாக்டரிடம் போனோம், கால்சியம் மாத்திரை கொடுத்தார். மறக்காமல் இருக்க இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறேன்.

பதில் 2 (செவிலியர்):
அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கால்சியம் குடலிலேயே தைராய்டு மருந்தைப் பிடித்துக்கொள்ளும், மருந்து ரத்தத்துக்குப் போகாது. இரும்புச்சத்து மாத்திரையும் சில அசிடிட்டி மருந்துகளும் இதே வேலையைச் செய்யும். காபியும் உறிஞ்சலைக் குறைக்கும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், காபிக்கு ஒரு மணி நேரம். கால்சியத்தை மத்தியானச் சாப்பாட்டோடு கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். 75லேயே அம்மாவுக்கு 4.1 வந்திருக்கிறது. தைராய்டு சுத்தமாக வேலை செய்யாதவருக்கே கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம்தான் கணக்கு, 62 கிலோவுக்கு 100 பக்கம் வரும். அதனால் 125ஐத் தொடங்குவதற்கு முன்பே கால்சியம் விஷயத்தை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இடைவெளி விட்ட பிறகு மருந்து முழுதாக உள்ளே போனால் டோஸ் அதிகமாகிவிடும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். இந்த வயதில் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்தும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பும் தேயும். எலும்புக்கென்று கால்சியம் சாப்பிடுகிறவருக்கு அது வரவே கூடாது. 125 எழுதிய டாக்டர்மேல் கோபப்படாதீர்கள், கால்சியம் கொடுத்தது வேறு டாக்டர் என்பதால் இவருக்குத் தெரிந்திருக்காது. அடுத்த முறை எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

கேட்டவர்:
காபியை ஒரு மணி நேரம் தள்ளச் சொன்னால் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார், அக்கா.

பதில் 3:
என் மாமியாரும் அப்படித்தான். எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் மாத்திரை, அப்புறம் வாசல் தெளித்துக் கோலம், குளியல். காபிக்கு வரும்போது தானாக ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

பதில் 2 (செவிலியர்):
நல்ல வழி. அதுவும் முடியாவிட்டால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எதுவானாலும் தினமும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் பாருங்கள், அதற்கு முன்னால் பார்த்தால் உண்மை நிலை தெரியாது.

கேட்டவர் (இரண்டு மாதம் கழித்து):
டாக்டர் பொறுமையாகக் கேட்டு மறுபடி 75க்கே மாற்றினார். கால்சியம் இப்போது மத்தியானம். நேற்று டிஎஸ்எச் 3.4! மத்தியானம் படுப்பதில்லை, முடி மட்டும் இன்னும் கொஞ்சம் கொட்டுகிறது. தங்கைக்கும் தைராய்டு உண்டு, இப்போது இரண்டாவது மாதம். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே இடைவெளிதானே?

பதில் 2 (செவிலியர்):
ஆமாம், நான்கு மணி நேரம். ஆனால் அவர் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். கர்ப்பத்தில் பெரும்பாலும் டோஸ் கூட்ட வேண்டிவரும், குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது தேவை. இந்த வாரமே டிஎஸ்எச் எடுத்து டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.