புதுப்பிப்பு: ஹியூமிடாரில் 70 காட்டியும் சுருட்டு நமுத்துப்போன விவகாரம்

போன மாதம் புலம்பியிருந்தேனே: ஹியூமிடாரில் (சுருட்டைப் பதமான ஈரத்தில் வைக்கும் பெட்டி) ஈரப்பத மீட்டரின் முள் சரியாக 70 சதவீதத்தில் நிற்கிறது, ஆனால் சுருட்டை அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, பற்ற வைத்தால் பாதியில் அணைகிறது என்று. "முதலில் உப்புச் சோதனை செய்" என்றவருக்கு நன்றி.

பாட்டில் மூடியில் தூள் உப்பு, ஈர மணல் பதத்துக்கு நாலு சொட்டுத் தண்ணீர். அதையும் மீட்டரையும் ஜிப் கவருக்குள் போட்டு ஒரு நாள் விட்டேன். ஈர உப்போடு மூடி வைத்த காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம்; அதனால் மீட்டர் 75 காட்ட வேண்டும், காட்டியது 66. அப்படியென்றால் பெட்டிக்குள் இத்தனை நாளும் 79 இருந்திருக்கிறது!

முள் மீட்டர் குப்பைக்குப் போனது, டிஜிட்டல் வந்தது (அதையும் சோதித்தேன், 1 தான் வித்தியாசம்). ஈரம் கொடுக்க வைத்திருந்த ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு, ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் போவெடா பொட்டலம் இரண்டு வைத்தேன். அது ஈரத்தைக் கொடுக்கவும் செய்யும், இழுக்கவும் செய்யும். சென்னைக் காற்றுக்கு இழுப்பதுதான் முக்கியம். சீடர் பலகை குடித்திருந்த ஈரம் இறங்கப் பத்து நாள் ஆனது. இப்போது 66.

இரண்டு சுருட்டில் பஞ்சு போல வெள்ளைப் பூசணம், தூக்கிப் போட்டேன். வயிறு எரிந்தது. மிச்சத்தில் ஒன்று நேற்றுக் கடைசி வரை அணையாமல் எரிந்தது.

அப்புறம், வெயில். 25 டிகிரியைத் தாண்டினால் சுருட்டுக்குள் புகையிலை வண்டின் முட்டை பொரிக்கும் பயம் இருப்பதால் பெட்டி படுக்கையறை ஏசிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. வீட்டில் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.