புதுப்பிப்பு: 6.2-இலிருந்து 5.9

மூன்று மாதங்களுக்கு முன் எழுதியது சிலருக்கு நினைவிருக்கலாம்: ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 6.2 என்று வந்தது, எல்லாவற்றையும் ஒரே நாளில் தலைகீழாக்காமல் மாதத்துக்கு ஒன்றாக மாற்றப்போகிறேன் என்று. நேற்று மறுபடியும் ரத்தம் கொடுத்தேன். 5.9. இயல்பு நிலைக்கு 5.7-க்குக் கீழே இறங்க வேண்டும். எனவே கொண்டாட்டம் ஒன்றுமில்லை.

முதல் மாதம் டீ. ஒரு நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தேன். மூன்றாவது வாரம் டம்ளரின் அடியில் கரையாத சீனி இல்லாததைப் பார்த்து, ஏதோ தொலைந்துவிட்டது போல இருந்தது. இப்போது பழைய இனிப்பில் யாராவது டீ கொடுத்தால் பாயசம் குடிப்பதாகத் தோன்றுகிறது.

இரண்டாவது மாதம், இரவுச் சாப்பாடு முடிந்ததும் தெப்பக்குளத்தைச் சுற்றி நடை. முதல் வாரம் ஒரு சுற்றுக்கே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இப்போது இரண்டு சுற்று. அங்கே வறுத்த கடலை விற்பவர் என்னைப் பார்த்ததும் பொட்டலம் மடிக்கத் தொடங்கிவிடுகிறார். அது தனிப் பிரச்சினை.

மூன்றாவது மாதம் சோற்றைக் குறைப்பது. தோற்றுவிட்டேன். “இன்னொரு கரண்டிதானே” என்று அம்மா தட்டருகே நிற்கும்போது மறுக்க முடியவில்லை. சிறுதானியத்துக்கு மாறச் சொன்னவர்களுக்கு: கம்பு தோசை நன்றாகவே இருந்தது, ஆனால் நான் ஆறு சாப்பிட்டேன்.

எடை இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. அடுத்த மாதமும் சோறுதான். முதலில் தட்டைச் சிறிதாக்கப்போகிறேன்.