540 ஜீப்: ஷேக்கிள் மாத்தி உசத்தின பெறவு ஸ்டியரிங் பயங்கர ஆட்டம், உதவுங்க

தடிக்காரன்கோணம் ஜீப்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்க வண்டி 1994 மாடல் மஹிந்திரா எம்.எம். 540, பியூஜோ டீசல் இன்ஜின். அப்பா வாங்கினது. கீரிப்பாறைக்கு மேல எங்களுக்குக் கொஞ்சம் ரப்பரும் கிராம்பும் கெடக்கு. கடைசி நாலு கிலோமீட்டரை ரோடுன்னு சொல்ல முடியாது. ஐப்பசி மழை டயர் தடத்தை அறுத்து விட்டுரும், நடுவுல மேடு மட்டும் நிக்கும். அதுல முன் கிரவுன், அதான் ஆக்சில் நடுவுல உள்ள பல்சக்கர உருண்டை, உரசி வண்டி நிக்கிறது வருசா வருசம் உள்ள கத.

அதனால இந்தத் தடவ வண்டிய உசத்திரலாம்னு எறங்கிட்டேன். ஒரு லேத்துல குடுத்து, நானே வரைஞ்ச அளவுல நாலு பட்டைக்கும் (லீஃப் ஸ்பிரிங்) ஷேக்கிள் பிளேட், அதாவது பட்டையோட ஒரு முனைய சேசிஸோட சேர்க்குற தகடு, அடிச்சேன். பழசை விட 2 இஞ்சு நீளம், 6 மில்லி தகடு. டயர் 235/75 ஆர்15 போட்டிருந்தேன், அதை மாத்தி 31 இஞ்சு போட்டாச்சு. முன்னாடி இரும்புப் பம்பர் ஒண்ணும் வெல்டு அடிச்சு வெச்சேன். பாக்க கொள்ளாம்.

இப்ப பிரச்சன: 45, 50ல போகச்சில சின்னக் குழி ஏறினாலே ஸ்டியரிங் ரெண்டு பக்கமும் கெடந்து அடிக்குது. கைய விட்டா மணிக்கட்டு போயிரும். நேத்து ரப்பர் ஷீட் கொண்டு மார்த்தாண்டம் போனேன், மேம்பாலத்துல ஜாயிண்ட் ஏறினதும் ஆரம்பிச்சு, 20க்குக் கொறச்ச பெறகுதான் நின்னுது. பின்னால வந்த பஸ்காரன் கேட்ட கேள்வி இங்க எழுத முடியாது. முப்பந்தல் பக்கம் போனா வேற தொல்ல, காத்து அடிக்கிற பக்கமே வண்டி போவுது. முன்னால இப்படி இல்ல. யாருக்காவது இந்த அனுபவம் உண்டுமா?

குலசேகரம் மண்ரோடு:
புது டயர் போட்டீங்கல்லா, பேலன்ஸ் பாத்தீங்களா? பெரிய டயர்ல வெயிட் சரியில்லன்னா இப்படித்தான் தூக்கி அடிக்கும்.

தடிக்காரன்கோணம் ஜீப்:
ரெண்டு கடைல பாத்தாச்சு. முன் டயரைப் பின்னால மாத்தியும் பாத்தேன். அதே ஆட்டம்.

டீசல் மக்கா:
ஸ்டியரிங் டேம்பர் ஒண்ணு வாங்கி மாட்டுங்க. அரை மணி நேர வேல. எனக்க கமாண்டர் ஜீப்புக்கு அப்படித்தான் நின்னுது.

பட்டறை அண்ணாச்சி:
டேம்பர் மாட்டினா ஆட்டம் தெரியாது, அவ்வளவுதான். காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுத மாதிரி. அதுக்குள்ள எது தேயுதோ அது தேஞ்சுகிட்டேதான் இருக்கும். தம்பி, காசு செலவு செய்யாண்டாம், முதல்ல இத்தனையும் பாத்து எழுதும்.

முன் வீல் ரெண்டையும் ஜாக்கில தூக்கும். டயரை மேலயும் கீழயும் பிடிச்சு உலுக்கிப் பாரும். ஆட்டம் இருந்தா, ஒரு ஆளை ஏறி பிரேக்கை அமுக்கச் சொல்லிட்டு திரும்ப உலுக்கும். பிரேக் பிடிச்சதும் ஆட்டம் போச்சுன்னா வீல் பேரிங். போகலேன்னா கிங்பின், அதாவது வீல் இடமும் வலமும் திரும்புற அச்சு. அடுத்து பக்கவாட்டுல பிடிச்சு உலுக்கும், அது டை ராடு (ரெண்டு வீலையும் சேர்த்துத் திருப்புற கம்பி) முனையக் காட்டும். ஒரு ஆள் ஸ்டியரிங்கைப் பைய அங்கயும் இங்கயும் ஆட்ட, நீரு கீழ கெடந்து ஒவ்வொரு மூட்டா கை வெச்சுப் பாரும். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும்.

கடைசியா, வண்டிய எறக்கி சிமெண்ட் தரைல மட்டமா நிறுத்தி, கிங்பின் மேல் மூடில போனை வெச்சு மட்டம் பாக்குற செயலில சாய்வு எத்தனை டிகிரின்னு சொல்லும். முன்னால சாயுதா, பின்னால சாயுதான்னு அதையும் சொல்லணும். முன் பட்டையோட ரெண்டு கண்ணுக்கும் (முனைல உள்ள வளையம்) நடுவுல நீளமும் வேணும்.

தடிக்காரன்கோணம் ஜீப்:
அண்ணாச்சி, ஞாயித்துக்கிழம முழுக்க வண்டிக்கு அடிலதான் கெடந்தேன். சாயா கூட அங்கதான் வந்துது.

டை ராடு முனை நாலும் சுத்தம், போன வருசம்தான் மாத்தினது. வலது வீல்ல ஒண்ணும் இல்ல. இடது வீல் மேல கீழ உலுக்கினா 'டொக்'ன்னு சின்னதா ஒரு சத்தம். பிரேக் அமுக்கியும் சத்தம் போகல. போன் பின்பக்கம் அரை டிகிரி காட்டுது. பட்டை நீளம் ஒரு மீட்டருக்கு கொஞ்சம் கம்மி. இன்னொண்ணு: நான் அடிச்ச ஷேக்கிள் பிளேட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சு பக்கவாட்டுல தள்ளினா லேசா வளைஞ்சு வருது. பழசு அசையாது.

பட்டறை அண்ணாச்சி:
உம்ம பிரச்சன இந்த மூணுலயும் இருக்கு. அரை டிகிரியில இருந்து தொடங்குவோம்.

பழைய ஜீப்புக்குக் காஸ்டர் 3 டிகிரி. அதாவது கிங்பினோட தலை டிரைவர் பக்கமா 3 டிகிரி சாஞ்சு நிக்கணும். சைக்கிள் கைய விட்டு ஓட்ட முடியுதே, எதனால? ஃபோர்க் சாஞ்சு இருக்கதனால, வீல் தானாவே நேராயிரும். அந்தச் சாய்வுதான் இதுவும்.

இப்ப உம்ம வண்டில என்ன நடந்துன்னு பாரும். 540ல முன் பட்டைக்கு ஷேக்கிள் முன்பக்கம், பின்பக்கக் கண்ணு சேசிஸ்ல நேரா போல்ட் போட்டு நிக்கி. ஷேக்கிளை 2 இஞ்சு நீட்டினதும் பட்டையோட முன் முனை மட்டும் 2 இஞ்சு கீழ போச்சு. பின் முனை நின்ன எடத்துல நிக்கி. ஒரு மீட்டர் நீளப் பட்டை ஒரு முனைல 5 சென்டிமீட்டர் எறங்கினா சாய்வு ஏறத்தாழ 3 டிகிரி. பட்டை மேல உக்காந்திருக்க ஆக்சிலும் அதோட முன்னால உருண்டுட்டு. 3ல ஏறத்தாழ 3 போனா மிச்சம் என்ன? உம்ம போன் காட்டின அரை. முப்பந்தல்ல காத்து தள்ளுற பக்கம் வண்டி போறதுக்கும் இதுதான் காரணம், நேரா வர வீலுக்குத் தோணல.

கிங்பின் ஆட்டம் புதுசா வந்திருக்காது. அது முன்னாலயே இருந்திருக்கும். 3 டிகிரி இருந்தவரைக்கும் வெளிய தெரியல, அவ்வளவுதான். பெரிய டயரோட கனமும் சேர்ந்தா, மேம்பால ஜாயிண்ட் தட்டின ஒரு தட்டு போதும்.

இன்னொண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது. 2 இஞ்சு ஷேக்கிள் போட்டதால உமக்கு வண்டி உசந்தது 1 இஞ்சுதான். ஒரு முனைய எறக்கினா நடுவுல பாதிதான கிட்டும். அந்த 1 இஞ்சும் பாடிக்குத்தான், கிரவுனுக்கு இல்ல. கிரவுன் ஆக்சில்ல இருக்கு, ஆக்சிலை உசத்துறது டயர் மட்டும். 235/75 ஆர்15 சுமார் 733 மில்லி விட்டம், 31 இஞ்சு 787. பாதி போட்டா 27 மில்லி. மேட்டுல கிரவுன் உரசாம இருக்கணும்னு நீரு ஆசப்பட்டது டயர்லயே முடிஞ்சாச்சு. ஷேக்கிள் வெறும் வெப்ராளம்தான் தந்துது.

குலசேகரம் மண்ரோடு:
அண்ணாச்சி, ஷேக்கிளைக் கழத்தாம ஆப்பு வெச்சா சரி ஆகாதா? ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவுல, தடிச்ச பக்கம் முன்னால வர மாதிரி 3 டிகிரி ஆப்பு.

பட்டறை அண்ணாச்சி:
காஸ்டர் திரும்பக் கிட்டும். கணக்கு சரிதான். ஆனா அந்த ஷேக்கிள் பக்கவாட்டுல வளையுதுன்னு அவரே சொல்லுதாரே. ரெண்டு தகட்டையும் நடுவுல சேர்க்க ஒரு குறுக்குக் கட்டை கூட இல்லாம 6 மில்லி தகடு. வளைவுல ஆக்சில் முழுக்க பக்கவாட்டுல நீந்தும். அதுக்கு ஆப்பு வைக்க முடியாது.

டீசல் மக்கா:
அப்ப பட்டைய ஆக்சிலுக்கு மேல கொண்டு வந்துரலாமே? இப்ப அடில கெடக்கு. மேல ஏத்தினா ஒரே அடியா 5 இஞ்சு. வெளிநாட்டுல எல்லாரும் அதத்தான செய்யறான்.

பட்டறை அண்ணாச்சி:
செய்யறவன் அதுக்குப் பெறவு என்னென்ன செய்யறான்னும் பாக்கணும் மக்கா. பட்டை உக்காருற மேடையை ஹவுசிங்ல புதுசா வெல்டு பண்ணணும். சூடு ஏறினா குழாய் வளையும், வளைஞ்சா உள்ள ஆக்சில் சீல் ஒழுகும். ஸ்டியரிங்ல இருந்து வீலுக்குப் போற டிராக் லிங்க் கம்பி ரொம்பச் சரிவா நிக்கும், குழில எறங்கினா ஸ்டியரிங் தானா திரும்பும். இன்ஜின் பக்கத்துல இருந்து ஆக்சிலுக்குப் போற புரொபெல்லர் தண்டு நீளம் போதாது. பிரேக் ஓஸ், வீல் தொங்கும்போது இழுத்துப் பிடிக்கும். ஏத்தத்துல முதல் கியர் போட்டு மிதிச்சா பட்டை 'எஸ்' மாதிரி முறுக்கும், புரொபெல்லர் முனைல உள்ள கிராஸ் மூட்டு ஒடியும். இதெல்லாம் தீத்த பெறவும் மேல ரப்பர் பால் கேன் நிறைச்சுகிட்டு அந்தச் சரிவுல எறங்கணும். நான் செய்ய மாட்டேன். வேற ஆள் செஞ்சா வேடிக்க பாப்பேன்.

களியக்காவிளை பார்டர்:
வேலை நடக்கும்போது நடுவுல வந்து தொல்ல பண்றேன்னு நெனைக்காதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி ஆர்.சி.ல உள்ள கம்பெனி அளவை மாத்தக் கூடாது. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிச்சு. அந்த வருசம் திருத்தம் வந்த பெறகு 182ஏல ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூவா அபராதம், ஆறு மாசம் வரைக்கும் உள்ள வைக்கவும் எடம் உண்டு. நம்ம ஊர்ல யாரும் கேக்கலன்னு பாறசாலை தாண்டி கேரளாவுக்குள்ள போனா அங்க நிறுத்திக் கேப்பான். அந்தப் பம்பர் முதல்ல கழத்துங்க, அதுதான் தூரத்துல இருந்தே தெரியும்.

தடிக்காரன்கோணம் ஜீப்:
பம்பரா? அது மேலதான் எனக்குப் பாசம் அண்ணே. யோசிக்கேன். கனமும் ஒரு காரணமா அண்ணாச்சி?

பட்டறை அண்ணாச்சி:
ஆமா. முன் மூக்குல கனம் ஏறினா பட்டை நேராகும், ஷேக்கிளோட நிலையும் மாறும். பாசம் இருந்தா வீட்டு முத்தத்துல வையும்.

செய்ய வேண்டியது இதுதான். பழைய ஷேக்கிளே திரும்பப் போடும், புது புஷ் போட்டு. கிங்பின் மூடிக்கு அடில மெல்லிய ஷிம் தகடு இருக்கும், இடது பக்கம் ஒண்ணு ரெண்டு எடுத்து இறுக்கம் பாக்கணும். டை ராடைக் கழத்திட்டு, அதோட ஓட்டைல கொக்கித் தராசு மாட்டி இழுத்தா நக்கிள் (வீலைத் தாங்கித் திரும்புற பாகம்) திரும்ப எத்தன கிலோ காட்டுதுன்னு பாத்து, மேனுவல்ல உள்ள அளவுக்குக் கொண்டு வாரும். பேரிங்ல குழி விழுந்திருந்தா ஷிம் எடுத்துப் பிரயோஜனம் இல்ல, பேரிங்கே மாத்தணும். டோ, அதாவது ரெண்டு முன் வீலும் முன்பக்கம் 2 மில்லி உள்ள பாத்து நின்னா போதும்.

1 இஞ்சு உசரம் வேணும்னா பட்டையிலயே கிட்டும். முழு செட்டையும் கழத்தி, பட்டை வேல தெரிஞ்ச ஆள் கிட்ட குடுத்துத் தட்டி வளைச்சு வாங்கும். பழுக்கக் காய்ச்சித் தட்டுறவன்னா திரும்பி வந்துரும், டெம்பர் (இரும்போட விறைப்பு) போயிரும், ஒரு மழைக்குள்ள பழையபடி தட்டையாகும். பச்சையாவே தட்டணும். திரும்ப மாட்டச்சில பட்டைய ஆக்சிலோட கட்டுற யு போல்ட் புதுசு. ஒருக்கா இறுக்கினது நீண்டிருக்கும், திரும்பப் பிடிக்காது. நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒருக்கா கூட இறுக்கும்.

*(மூணு வாரம் கழிச்சு)*

தடிக்காரன்கோணம் ஜீப்:
எல்லாருக்கும் ஒரு தகவல். வேல முடிஞ்சுது.

இடது கிங்பின் கீழ் பேரிங் கைல எடுத்தப்பவே தெரிஞ்சிட்டு, உருளை உக்காந்த எடம் வரிசையா பள்ளம், விரல் நகம் தட்டுது. ஆத்துச் சப்பாத்துல தண்ணி ஏறி ஏறி கிரீஸ் காப்பி மாதிரி இருந்துது. ரெண்டு பக்கமும் பேரிங், சீல் மாத்தினேன். இறுக்கம் பாக்க எங்க தெருவுல மீன்காரக்கா கிட்ட கொக்கித் தராசு கடம் வாங்கினேன். "வண்டிய நிறுத்துப் பாக்கியா மக்கா?"ன்னு சிரிச்சாவ. திருப்பிக் குடுக்கும்போது கிரீஸ் நாத்தம் அடிக்குன்னு ஏச்சும் கிட்டுச்சு.

பட்டை தட்டி வளைச்சு வாங்கினேன், பழைய ஷேக்கிள், புது புஷ், புது யு போல்ட். சேசிஸ் உசரம் 1 இஞ்சுக்குக் கொஞ்சம் கூட. போன் இப்ப பின்பக்கம் 3 டிகிரிக்குப் பக்கத்துல காட்டுது. நேத்து மார்த்தாண்டம் மேம்பாலத்துல வேணும்னே 50ல போனேன். ஜாயிண்ட்ல 'டக்கு'ன்னு ஒரு சத்தம் மட்டும். அப்படியே போனேன், திரும்பி வந்தேன், இன்னொரு தடவையும் போய்ப் பாத்தேன்.

மேல எஸ்டேட் வழியும் போயாச்சு. அந்த நடு மேட்டுல கிரவுன் இன்னும் ஒரு எடத்துல உரசுது. ஆனா நிக்கல, தடவிட்டுப் போவுது.

ஒரே ஒரு சந்தேகம். ஆட்டம் போன பெறகு பின்னால இருந்து 60ல ஒரு முனகல் கேக்குது. இது புதுசா, இல்ல முன்ன ஆட்டத்துல கேக்காம இருந்துதான்னு தெரியல.

குலசேகரம் மண்ரோடு:
பின் பட்டைக்கு ஷேக்கிள் மாத்தினீங்களா, அது இன்னும் நீளம்தானா?

தடிக்காரன்கோணம் ஜீப்:
அய்யோ. பின்னால அதேதான் கெடக்கு. முன்னால மட்டும்தான் பழசு போட்டேன்.

பட்டறை அண்ணாச்சி:
அதான். பின்னால ஷேக்கிள் பின்பக்கம். அங்க நீட்டினா பினியன் மூக்கு, அதான் பின் ஆக்சில்ல புரொபெல்லர் சேருற எடம், மேல பாத்துரும். புரொபெல்லரோட ரெண்டு முனையும் மாட்டுற வட்டத் தகடு, அதான் டிரான்ஸ்பர் கேஸ் (கியர்பாக்ஸுக்குப் பின்னால உள்ள பெட்டி) பிளாஞ்சும் பினியன் பிளாஞ்சும், ஒண்ணுக்கொண்ணு இணையா நிக்கணும், இல்லேன்னா கிராஸ் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முன்னும் பின்னுமா சுத்தி முனகும். போனை ரெண்டு பிளாஞ்சுலயும் வெச்சுப் பாரும், 3 டிகிரி கிட்ட வித்தியாசம் வரும். அதையும் கழத்தும். டயர் பெருசானதால மீட்டர்ல 60 காட்டினா நீரு 64ல போறீருன்னு ஞாபகம் இருக்கட்டும்.

தடிக்காரன்கோணம் ஜீப்:
வித்தியாசம் 3.2. சனிக்கிழம கழத்துறேன்.

டீசல் மக்கா:
அந்த நாலு ஷேக்கிளும் வேண்டாம்னா எனக்குத் தாங்க. நல்ல விலை தரேன்.

தடிக்காரன்கோணம் ஜீப்:
தர மாட்டேன் மக்கா, நீங்க மாட்டிருவீங்க. முன்னால கழத்தின ரெண்டும் ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினுக்கு அடில முட்டுக் குடுத்து நிக்கி. மத்த ரெண்டுக்கும் அம்மா எடம் பாத்து வெச்சாச்சு.