அன்னபூர்ணா சர்க்யூட்: பேக் 14 கிலோ வருது, எதைக் கழட்டி விடறது?

நடராஜா_சர்வீஸ்:
வணக்கம் மக்களே. அக்டோபர்ல நானும் மச்சானும் நேபாளம் போறோம், பெசிசஹர்ல ஆரம்பிச்சு மனாங், தோரோங் லா கணவாய், முக்திநாத் வரைக்கும் நடை. போர்ட்டர் வைக்கிற ஐடியா இல்ல. நேத்து நைட்டு எல்லாத்தையும் ஹால்ல பரப்பி பேக் பண்ணிப் பாத்தா தண்ணி இல்லாமயே 14 கிலோ, மாட்டிக்கிட்டு மாடிப்படி நாலு தடவ ஏறி எறங்குனதுக்கே தோள்பட்டை கழண்டுருச்சு. உள்ள இருக்கிறது: 60 லிட்டர் பேக், ரெண்டு பேர் டென்ட், ஸ்லீப்பிங் பேக், ஜீன்ஸ் ரெண்டு, டிஷர்ட் ஏழு, ஃப்ளீஸ், மழைக்கோட்டு, பவர்பேங்க் ரெண்டு, வாட்டர் ஃபில்டர், அம்மா குடுத்த பருப்புப்பொடி. பொடில மட்டும் கை வைக்காதீங்க.

குளிர்காத்து:
டென்ட் எதுக்கு பாஸ்? அந்த ரூட்டு பூரா டீ ஹவுஸ்தான், ரூமு, கம்பளி, சாப்பாடு எல்லாம் அங்கயே. தால் பாத் சொன்னீங்கன்னா போதும் போதும்னு சொல்ற வரைக்கும் போட்டுக்கிட்டே இருப்பாங்க. ஜீன்ஸ் ரெண்டையும் வீட்லயே விட்ருங்க, நனைஞ்சா அந்தக் குளிர்ல காயவே காயாது. டிஷர்ட் ரெண்டு போதும், ஒண்ணு ஒடம்புல ஒண்ணு கொடியில.

ஸ்லீப்பிங் பேக் லேபிளைப் பாருங்க, பெருசா மைனஸ் 10னு போட்டிருக்கும், பக்கத்துல பொடி எழுத்துல எக்ஸ்ட்ரீம்னு இருக்கும். அதுக்கு அர்த்தம் உசுரு மிஞ்சும், தூக்கம் வராது. கம்ஃபர்ட்னு போட்டிருக்கிற நம்பர்தான் கணக்கு. டவுன் பேக், அதான் பறவை எறகு அடைச்ச ஸ்லீப்பிங் பேக், காத்மாண்டு தமேல்ல வாடகைக்கே கெடைக்கும், ஆனா கடையிலயே முழுசா விரிச்சு ஜிப்பை மேலயும் கீழயும் பத்து தடவ இழுத்துப் பாத்துட்டு வாங்குங்க. நான் பாக்காம வாங்கிட்டுப் போய் கணவாய்க்குக் கீழ இருக்கிற ஹை கேம்ப்ல ஜிப் புடுங்கிக்கிச்சு, ஊக்கு குத்திக்கிட்டு விடிய விடிய ஒக்காந்திருந்தேன்.

பனிப்பூனை:
ஃபில்டர் பத்தி யாரும் சொல்லல. அந்தக் குழாய் மாதிரி ஃபில்டர் உள்ள நூல் நூலா இருக்கும், ஒரு தடவ நனைஞ்சுட்டா உள்ள தண்ணி முழுசா வத்தாது, ராத்திரி அது ஒறைஞ்சா நூல் வெடிச்சிரும். வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது, தண்ணியும் எப்பவும் போல வரும், வயிறு மட்டும் மூணு நாள் கழிச்சு சொல்லும் :) ஒறைஞ்சிருச்சோன்னு சந்தேகம் வந்தாலே தூக்கிப் போட்ருங்க. மனாங் தாண்டினதும் ஃபில்டர், ஃபோன், பவர்பேங்க் மூணும் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள உங்க கூடவே படுக்கணும். இல்லன்னா குளோரின் மாத்திரை, போட்டு அரை மணி நேரம், தண்ணி ரொம்ப ஜில்லுனு இருந்தா இன்னும் கொஞ்சம் கூட.

மூச்சுவாங்கி:
வெயிட்டெல்லாம் சரி தம்பி, எத்தன நாள் ப்ளான்? தோரோங் லா 5416 மீட்டர். 3000க்கு மேல போயிட்டா படுக்கிற எடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏறக்கூடாது, மனாங்ல கண்டிப்பா ஒரு நாள் எக்ஸ்ட்ரா இருங்க, சும்மா படுத்துக் கெடக்காம கொஞ்சம் மேல ஏறிட்டு எறங்கி வந்து தூங்குங்க. டயமாக்ஸ், அதான் மலை ஒசரத்துல வர்ற நோய்க்கான மாத்திரை, டாக்டர கேட்டுட்டு போடுங்க, சல்ஃபா அலர்ஜி இருந்தா சொல்லிருங்க. தலைவலியோட நடை தள்ளாடுச்சுன்னா மாத்திரை தேடாதீங்க, அது நடுராத்திரியா இருந்தாலும் கீழ எறங்கணும்.

கணவாய் ஏற இருட்டோட கெளம்புங்க, நேரம் ஆக ஆக காத்து ஆளத் தள்ளும். அந்தப் பக்கம் முக்திநாத்துக்கு 1600 மீட்டருக்கு மேல எறக்கம், முட்டிதான் போகும். பவர்பேங்க்ல ஒண்ண விட்டுட்டு ஊனி நடக்க ஸ்டிக் எடுத்துக்குங்க. வானிலை சரியில்லன்னா ஒக்காந்துருங்க, 2014 அக்டோபர்ல ஹுட்ஹுட் புயலோட மிச்சம் அங்க பனியா கொட்டி 40 பேருக்கு மேல போயிட்டாங்க. அக்டோபர்னா நல்ல சீசன்னு நம்பிப் போனவங்கதான் எல்லாரும்.

நடராஜா_சர்வீஸ்:
எல்லாருக்கும் நன்றி. கிச்சன் தராசுல ஒவ்வொண்ணா வச்சுப் பாத்தேன், டென்ட் 2.6, ஜீன்ஸ் ரெண்டும் சேத்து 1.3!! இப்போ ஸ்டிக்கோட சேத்து எட்டரை கிலோ. மனாங்ல ரெண்டு ராத்திரி போட்டாச்சு, மச்சான் மொனகுறான், பரவால்ல.

ஒரே பிரச்சன, முக்திநாத் 108 திவ்ய தேசத்துல ஒண்ணு, திருமங்கையாழ்வார் பாடின திருச்சாளக்கிராமம்னு அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. அங்க இருக்கிற 108 தாரையிலயும் தலைய நனைச்சிட்டு தீர்த்தம் புடிச்சிட்டு வரணுமாம், நம்ம வீட்டுக்கு, பெரியம்மாவுக்கு, மாடி வீட்டு மாமிக்கு. மூணு பாட்டில்.

குளிர்காத்து:
100 மில்லி பாட்டிலா எடுத்துக்கிட்டுப் போ ராசா.