மூன் கேட் எதிரே சாலையைக் கடக்க ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம். பினாங்கு ஜாலான் கெபுன் புங்கா சாலையில், மூன் கேட் மலைப்பாதைக்குப் போக நாங்கள் சாலையைக் கடக்கும் இடம் பயமாக இருக்கிறது. தண்ணீர்மலை கோயில் பக்கம் இருந்து வருகிறோம். வயதானவர்கள் ஆறேழு பேர், சைக்கிளில் இரண்டு பிள்ளைகள்.

சனி, ஞாயிறு காலை 6.30 முதல் 8 மணி வரைதான் மோசம். இருபுறமும் கார்களை நிறுத்திவிடுவதால், வண்டி வருகிறதா என்று பார்க்கவே சாலைக்குள் இரண்டடி இறங்க வேண்டும். அந்த இரண்டடிதான் ஆபத்து. போன மாதம் என் அத்தையின் கைத்தடியை ஒரு மோட்டார் சைக்கிள் உரசிக்கொண்டு போனது. அவர் இன்னும் நடக்க வரவில்லை.

ஒளிரும் சட்டை போட்டோம். சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் கடக்கிறோம். ஒருவர் கொடி பிடித்து நின்றார். வண்டிகள் நிற்காததால் விட்டுவிட்டோம். மார்ச்சில் படங்களோடு மலாயில் கடிதம் கொடுத்தோம். ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது, அதோடு சரி.

வெறும் வெள்ளைக்கோடு போதாது என்பது என் எண்ணம். வண்டியின் வேகத்தைக் குறைக்கும் மேடான கடவை வேண்டும், அதன் இருபுறமும் சில மீட்டருக்குக் கார் நிறுத்தத் தடையும் வேண்டும்.

உங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இப்படி ஒரு கடவையைக் கேட்டு வாங்கியவர்கள், விண்ணப்பத்தோடு என்னென்ன கொடுத்தீர்கள்?