எக்ஸ்மூர் மேட்டுவெளியில் குதிரை வேட்டை: புதியவர் எங்கே தொடங்குவது?

மேட்டுவெளி: ஊட்டியின் வென்லாக் புல்வெளியில் ஆங்கிலேயர் குதிரையேறி நரி துரத்திய கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது இங்கிலாந்தின் சாமர்செட்டில் வசிக்கிறேன். பயிற்சித் திடலில் நன்றாகவே குதிரை ஓட்டுவேன். எக்ஸ்மூரில் வேட்டைக் குழுவோடு செல்ல என்ன செய்ய வேண்டும்?

சேணம்: முதலில் குதிரையைத் தயார் செய்யுங்கள். எக்ஸ்மூரில் தாண்ட வேண்டிய வேலிகள் குறைவு. ஏற்ற இறக்கங்களும் சேறும்தான் சோதனை. 519 மீட்டர் உயரமுள்ள டங்கரி போன்ற மேட்டில் ஏறும்போது சேணம் பின்னால் நழுவாமலிருக்க மார்புப் பட்டை வேண்டும். பளிச்சென்ற பச்சைப் பாசியும் வெண்பஞ்சுப் புல்லும் தெரியும் இடத்தில் கீழே புதைசேறு இருக்கும் என்பதால், சுற்று வழியானாலும் உள்ளூர்க்காரரின் குதிரை போன தடத்திலேயே போங்கள். நாய்கள் கடக்கும்போது குதிரையின் முகத்தை அவற்றின் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். நாயை உதைக்கும் குதிரைக்கு அங்கே மன்னிப்பே கிடையாது. வாலில் சிவப்பு நாடா கட்டிய குதிரை உதைக்கும் என்று பொருள், விலகியே நில்லுங்கள்.

ஓரக்கண்: சேணத்தைப் பற்றி இவ்வளவு சொன்னவர் சட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே! காட்டு விலங்கை நாய்களைக் கொண்டு வேட்டையாடுவது, சில விலக்குகள் தவிர, 2005 பிப்ரவரி முதல் அங்கே குற்றம். அதன்பின் வந்ததுதான், முன்கூட்டியே இட்ட வாசனைத் தடத்தை நாய்கள் தொடரும் முறை. நரி வாழும் புதர்களின் ஊடே நரி வாசனையையே இட்டுவிட்டு, நாய்கள் உண்மையான நரியின் பின்னே ஓடினால் அதைத் தற்செயல் என்பதை எப்படி நம்புவது? நீங்கள் உதாரணம் காட்டிய டங்கரியே, இயற்கையையும் பாரம்பரிய இடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் நிலம். 2021இல் உறுப்பினர்கள் வாக்களித்ததையடுத்து அவ்வமைப்பு தன் நிலத்தில் இதை நிறுத்திவிட்டது.

சேணம்: டங்கரியைச் சரிவுக்கு உதாரணமாகத்தான் சொன்னேன், அங்கே வேட்டைக்குப் போகச் சொல்லவில்லை. சட்டத்தை மீறுபவர்மீது வழக்குத் தொடருங்கள். அதற்காக, முறையாகத் தடமிட்டு ஓட்டுபவர்களையும் அதே கூண்டில் ஏற்றுவது நியாயமல்ல.

ஓரக்கண்: அப்படியானால் பிளட்ஹவுண்ட் நாய்களோடு செல்லும் குழுவைப் பரிந்துரைப்பதில் உங்களுக்கு என்ன தயக்கம்? அவை ஓடும் மனிதனின் வாசனையைத் தொடர்கின்றன. விலங்கு என்ற பேச்சே இல்லை. பாதையும் முன்பே முடிவாகிவிடுவதால் புதைசேற்றைத் தவிர்ப்பதும் எளிது.

சேணம்: தயக்கம் வேகத்தைப் பற்றியது. அந்தக் குழுக்கள் பெரும்பாலும் வழியில் தடைகளையும் சேர்த்துக்கொண்டு தொடர்ந்து நாலுகால் பாய்ச்சலில் போகும். திடலில் மட்டுமே ஓட்டியவர் முதல் ஏற்றத்திலேயே குதிரையைக் கட்டுப்படுத்த முடியாமல் திணறுவார். தடமிட்டு ஓட்டும் குழுவோடு நின்று நின்று நகரும் நாளில்தான் நிலத்தை வாசிக்கக் கற்க முடியும்.

ஓரக்கண்: வேகம் குறைந்த பின்வரிசையைக் கேட்டு வாங்கலாமே, அதை மறைக்காதீர்கள். மேட்டுவெளி, எந்தக் குழுவானாலும் தடத்தை யார் இடுகிறார், என்ன வாசனையால், எந்த வழியாக என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் போகாதீர்கள்.

சேணம்: அந்தக் கேள்வியை நானும் கேட்கத்தான் சொல்வேன். முதல் நாள் குதிரையே வேண்டாம். சாலையோரம் காரில் பின்தொடர்பவர்களோடு நின்று பார்த்தால், தடமிடுபவர் உண்மையிலேயே முன்னால் போகிறாரா என்பதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.