ஃபார்ம்டி சேர்வதற்கு முன் பாடங்களை எந்த வரிசையில் எடுப்பது?

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். மகள் கல்லூரியில் முதல் வருடம். ஃபார்மசிதான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். ஊரில் பிளஸ் டூ முடித்ததும் நேராக பி.ஃபார்ம் சேர்ந்துவிடலாம். இங்கே பெரும்பாலும் இரண்டு வருடமாவது தேவையான பாடங்களை முடித்த பிறகுதான் நான்கு வருட ஃபார்ம்டி என்னும் ஃபார்மசி பட்டப்படிப்பு.

சிக்கல் கெமிஸ்ட்ரியில்தான். ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டு செமஸ்டர் முடித்தால்தான் ஆர்கானிக். அதுவும் இரண்டு செமஸ்டர், லேபோடு. அப்புறம்தான் பயோகெமிஸ்ட்ரி. நடுவில் ஒன்று தவறினால் எல்லாமே தள்ளிப்போகும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் இரண்டாம் வருட முதல் செமஸ்டர் கட்டத்தை எழுதி அழித்து, எழுதி அழித்து, தாளே கிழியும் நிலையில் இருக்கிறது. ஆர்கானிக், அனாட்டமி, மைக்ரோபயாலஜி மூன்றும் லேபோடு அந்த ஒரே கட்டத்தில் வந்து நிற்கின்றன.

ஃபார்மசி கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான பிகேட்டை 2024 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். இனி கல்லூரிப் பாடங்களில் வாங்கும் மதிப்பெண்தான் பேசும் என்பதால் பிள்ளை மேல் சுமையை ஏற்றப் பயமாக இருக்கிறது.

உங்கள் பிள்ளைகள் அனாட்டமியைக் கோடையில் கம்யூனிட்டி காலேஜில் எடுத்தார்களா? அந்தக் கிரெடிட்டை ஃபார்மசி கல்லூரிகள் ஏற்றுக்கொண்டனவா? ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கால்குலஸ், மேடைப்பேச்சு இதையெல்லாம் எப்போது முடித்தார்கள்? பட்டம் வாங்கிவிட்டே விண்ணப்பித்தவர்கள் இருந்தால், அந்தக் கூடுதல் இரண்டு வருடம் உதவியதா என்றும் சொல்லுங்கள். அடுத்த மாதம் பாடப் பதிவு தொடங்குகிறது.